வரிசை எண்ணில் ஒரு வாழ்வு
ஹொங்கொங் விமானிகள் குடியிருப்பிலே

ஹொங்கொங் என்றதும் வானளாவிய மாளிகைகளும், இரவைப் பகலாக்கும் விளக்குகளும், தோளோடு தோள் உரசும் சனத்திரளுமே பலருடைய நினைவில் எழும். அந்நகரின் மற்றொரு முகத்தைக் காண விரும்புவோர், மத்திய நகரின் கடற்கரையிலுள்ள மூன்றாம் இறங்குதுறைக்குச் சென்று, 'டிஸ்கவரி பே' என்னுங் குடியிருப்புக்குப் போகும் படகில் ஏறுதல் வேண்டும். ஏறக்குறைய அரைமணி நேரப் பிரயாணந்தான். சரக்குக் கப்பல்களையும் சிறு தீவுகளையுங் கடந்து படகு விரைய, லாந்தாவுத் தீவின் வடகிழக்குக் கரை மெல்ல மெல்ல அண்மையில் வருகின்றது.

பச்சைக் குன்றுகளின் மடியிலே பிறைவடிவில் அமைந்த ஊர் இது. சீன மொழியில் இதற்கு வழங்கும் பெயர் 'இன்பக் காட்சி விரிகுடா' என்னும் பொருளுடையது. முதற் குடியினர் 1980களின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தனர். இப்பொழுது ஏறத்தாழ 20,000 பேர் வாழ்கின்றனர். கடற்கரையிற் பரந்து கிடக்கும் வெண்மணலும் மனிதர் கொண்டுவந்து கொட்டியதே. ஊரினுள்ளே சொந்த மோட்டார்க் கார்கள் ஓடுவதில்லை. கோல்ப் மைதானங்களிற் காணப்படுஞ் சிறு வண்டிகளிலேயே மக்கள் கடைக்கும் பாடசாலைக்குஞ் செல்கின்றனர். அவ்வண்டிகளுக்குரிய உரிமங்கள் ஓர் எண்ணிக்கைக்கு மேல் வழங்கப்படாமையால், ஒரு சிறு வண்டியின் விலை நல்லதொரு மோட்டார்க் காரின் விலையையும் விஞ்சி நிற்கும் என்பது கேட்போர்க்கு வியப்பளிக்கும். ஊருக்கு அப்பால் நடந்து சென்றால், மௌனத்தைப் போற்றும் துறவியரின் மடமொன்றும் உண்டு.

இவ்வூர்த் தெருக்களில் நாம் உலாவியபோது ஒன்றை அவதானித்தோம். வைகறையிலும் நள்ளிரவிலும், மற்றவர்கள் துயிலும் வேளைகளிலே, சீருடையணிந்த ஆடவரும் பெண்டிருஞ் சிலர் சில்லுப் பூட்டிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடப்பர். அவர்களின் தோளிலே பொன்னிறக் கோடுகள் மின்னும். அவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் வண்டி, 2000 ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற சுரங்கப் பாதை வழியாக மலையைக் குடைந்து, தீவின் மறுபக்கத்திலுள்ள விமான நிலையத்தை அடையும். அவர்களே விமானிகள். இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, தென்னாபிரிக்கா எனப் பல தேசங்களிலிருந்து உத்தியோகம் நாடி வந்தோர் அவர்களுட் பலர்.

அந்நியர் தொடங்கிய சேவை

ஹொங்கொங்கின் விமான சேவையாகிய 'கத்தே பசிபிக்', 1946 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே அமெரிக்கராகிய ரோய் பாரெல், அவுஸ்திரேலியராகிய சிட்னி டி கன்ற்சோ என்னும் இரு விமானிகளால் நிறுவப்பெற்றது. அவர்களின் முதல் விமானம், இரண்டாம் உலகப் போரிற் பயன்பட்ட 'டக்கோட்டா' வகையைச் சார்ந்தது. 'பெற்சி' என்று செல்லப்பெயர் பெற்ற அவ்விமானம், ஹொங்கொங் விஞ்ஞான நூதனசாலையின் கூரையிலிருந்து இன்றுந் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதன் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தபோது நமக்கு நமது நாட்டின் நினைவே வந்தது. அடுத்த ஆண்டாகிய 1947 டிசெம்பரில், எயர் சிலோன் சேவையின் முதற் பிரயாணமும் இதே வகை விமானத்திலேதான் நிகழ்ந்தது. இரத்மலானையிலிருந்து எழுந்து, யாழ்ப்பாணத்தில் இறங்கிச் சென்னைக்குச் சென்றது அது. பலாலியில் டக்கோட்டா இறங்குவதைக் கண்ட மூத்தோர் இன்னும் நம்மிடையே உளர்.

ஹொங்கொங்கின் பழைய விமான நிலையமாகிய 'காய் ராக்' விமானிகளின் திறமையைச் சோதித்த இடமாகும். நகரத்தின் அடுக்குமாடி வீடுகளுக்கு மேலாகத் தாழ்ந்து வந்து, சதுரங்கப் பலகைபோல் வர்ணந் தீட்டிய குன்றொன்றை நேர்நோக்கிப் பறந்து, இறுதிக் கணத்தில் வலப்புறந் திரும்பிக் கடலுள் நீண்டிருக்கும் ஓடுபாதையில் இறங்குதல் வேண்டும். அதைச் செய்து பழகிய விமானிக்குத் தொழிலுலகில் தனிமதிப்பு இருந்தது. 1998 ஆம் ஆண்டு யூலையில் அந்நிலையம் மூடப்பெற்று, லாந்தாவுக்கு வடக்கே கடலை நிரப்பி அமைத்த புதிய நிலையம் திறக்கப்பட்டது. முன்னரே வளர்ந்து வந்த டிஸ்கவரி பே, விமான நிலையத்தின் அயலூராயிற்று. விமானிகளின் குடும்பங்கள் மேலும் மேலும் இங்கே வந்து குடியேறின.

நான்கு படிகள்

விமானி என்றால் எல்லாரும் ஒரே தரத்தினர் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மை அதுவன்று. கத்தே பசிபிக்கிலே ஏறவேண்டிய படிகள் நான்கு. முதற்படியில் இருப்பவர் இரண்டாம் அதிகாரி. அவருக்கு மேலே முதலாம் அதிகாரி. அதற்கு மேலே முதுநிலை முதலாம் அதிகாரி. எல்லாருக்கும் மேலே கப்டன்.

இவர்களுள் இரண்டாம் அதிகாரியின் நிலை விசித்திரமானது. பதினைந்து மணி நேரத்துக்கு மேற்பட்ட நியூயோர்க் பிரயாணம் போன்ற நெடும் பறப்புகளிலே, ஒருசாரார் படுக்கையில் இளைப்பாற மற்றொருசாரார் விமானத்தைச் செலுத்துவர். அவ்வாறு மேலோர் இளைப்பாறும் வேளையில், விமானம் நடுவானில் நேரே சென்றுகொண்டிருக்கும்போது ஆசனத்தில் அமர்ந்து காவல் புரிவதே அவர் தொழில். விமானத்தை நிலத்திலிருந்து எழுப்பவோ நிலத்தில் இறக்கவோ அவருக்கு அனுமதியில்லை. அவ்விரண்டையும் அவர் செய்வது, பயிற்சிக்கூடத்திலுள்ள போலி விமான அறையிலே மாத்திரம். சொந்த நாட்டிற் சிறு விமானங்களிலே நாளுக்குப் பலமுறை ஏறி இறங்கிய இளைஞர், பெரிய விமானத்தில் வேலை கிடைத்ததென மகிழ்ந்து வந்து, ஆண்டுக்கணக்காகக் கைகட்டியிருக்க நேர்வது இவ்வாறுதான்.

வேலையின் அளவுக்குச் சட்டம் வரம்பிட்டிருக்கிறது. ஹொங்கொங் விதிகளின்படி 28 நாளிலும் 12 மாதத்திலும் குறித்த மணிகளுக்கு மேல் ஒருவர் பறத்தலாகாது. இத்தகைய வரம்பு உண்டு என்றதும், இது சுகமான உத்தியோகமென்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் அந்த மணிகள் எந்நேரத்து மணிகள் என்பதையன்றோ நோக்க வேண்டும்! இன்று நள்ளிரவில் ஐரோப்பாவுக்குப் புறப்பாடு. அங்கே திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு பகலுறக்கம். திரும்பி வந்து இரண்டொரு நாள் வீட்டிலிருந்ததும், இம்முறை கிழக்கே அமெரிக்காவுக்குப் பறப்பு. உடலின் கடிகாரம் மேற்கா கிழக்கா என்று அறியாது தடுமாறும். ஆறு மாதத்துக்கொருமுறை போலி விமான அறையிலே பரீட்சை. ஆண்டுதோறும் வைத்திய பரிசோதனை; அறுபது வயதைக் கடந்தால் அதுவும் ஆறு மாதத்துக்கொருமுறை. இருதயத்திலோ கண்ணிலோ சிறு குறை தோன்றினாலும் உத்தரவுப் பத்திரம் கைவிட்டுப் போகலாம். இத்தனை முறை தன் பிழைப்பைப் பணயம் வைத்துப் பரீட்சைக்கு உட்படும் தொழில்கள் உலகில் மிகச் சிலவே.

வீட்டிலக்கமும் வரிசையிலக்கமும்

இவையெல்லாம் சொந்த நாட்டு விமானிக்கும் பொதுவானவையே. பிறநாட்டில் உழைக்கும் விமானியின் வாழ்வை இறுகப் பிணித்திருப்பது வேறொன்று. அதுவே மூப்பு வரிசைப் பட்டியல்.

உலகின் பெரிய விமான சேவைகள் பலவற்றில் ஒவ்வொரு விமானிக்கும் ஓர் இலக்கம் உண்டு. சேவையிற் சேர்ந்த நாளைக்கொண்டு அது கணிக்கப்படும். பதவியுயர்வுக்கு அழைக்கப்படும் முறை அவ்விலக்கப்படியே வரும். ஒருவர் எத்துணைத் திறமைசாலியாயினும், தமக்கு முன்னே நிற்பவரைத் தாண்டிச் செல்லல் அரிது. முறை வந்ததும் பயிற்சியும் பரீட்சையும் உண்டு; தேறாதாரும் உளர். ஆனால் முறை வருவதற்கே பத்தாண்டும் அதற்கு மேலும் காத்திருந்தோர் இங்கு பலர்.

இவ்விலக்கத்தின் கொடுமை யாதெனில், அதனை வேறோரிடத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது என்பதே. ஓர் ஆசிரியர் வேறு பாடசாலைக்கு மாறினால் அவருடைய அனுபவமும் உடன் செல்லும். வைத்தியருக்கும் கணக்காளருக்கும் அவ்வாறே. விமானியோ இருபதாண்டு உழைத்தபின் தம் தாய்நாட்டுச் சேவைக்குத் திரும்பினாலும், அங்கே பட்டியலின் அடியிலேயே, நேற்றுப் பயிற்சி முடித்த இளைஞருக்குப் பின்னால் நிற்க நேரலாம். ஆகவே, மனக்குறை உள்ளவரும் எளிதில் விலகார். விலகாதார் பலராகுந்தோறும், வேலை கொள்வோரின் பிடி இறுகும்.

கடற்கரைச் சிற்றுண்டிச்சாலையொன்றிலே நாம் சந்தித்த நியூசிலாந்து நாட்டு முதலாம் அதிகாரி ஒருவர் இதனை மிக எளிதாக விளக்கினார். "நாங்கள் இவ்வூரிலே நான்கு வீடுகள் மாறிவிட்டோம். வீட்டிலக்கத்தைச் சில வேளை மறந்துவிடுவேன். பட்டியலில் என் இலக்கத்தை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலுஞ் சொல்வேன்" என்றார் அவர். அருகிலிருந்த அவருடைய மனைவியார் நகைத்தார். பின்னர், "புதிய அயலவர் வந்தால் முதலிலே கேட்பது பெயரை, இரண்டாவதாகக் கேட்பது எந்த ஆண்டிற் சேர்ந்தீர்கள் என்பதை" என்றார். சேர்ந்த ஆண்டைச் சொன்னால், சம்பளமும் படியும் எதிர்காலமும் சொல்லாமலே விளங்கிவிடும் அல்லவா?

ஆண்டுக்கேற்ற ஒப்பந்தம்

சேர்ந்த ஆண்டுக்கு இத்துணை முக்கியத்துவம் ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. முன்னாளிலே பிறநாட்டு விமானிக்கு உயர்ந்த சம்பளத்தோடு வீட்டுவாடகைப் படியும், பிள்ளைகளின் கல்விச் செலவுங் கிடைத்தன. 1990களிலே புதிதாகச் சேர்வோர்க்குக் குறைந்த சம்பளத்திட்டமொன்று வகுக்கப்பட்டது. அதனால் ஒரே அறையில், ஒரே வேலையைச் செய்யும் இருவர் வெவ்வேறு சம்பளம் பெறும் நிலை உண்டாயிற்று. பின்னர் வந்த ஒப்பந்தங்கள் சலுகைகளை மேலும் குறைத்தன.

2001 ஆம் ஆண்டு யூலையிலே, விமானிகள் சங்கத்துக்கும் கொம்பனிக்கும் பிணக்கு முற்றியிருந்த வேளையில், 49 விமானிகள் வேலை நீக்கப்பட்டனர். அவர்களுட் சிலர் நீதிமன்றத்தை நாடினர். தொழிற்சங்க நடவடிக்கை காரணமாகவே அவர்கள் நீக்கப்பட்டனர் என்றும், அவர்களைப்பற்றி வெளியிடப்பட்ட கூற்றுக்கள் மானநட்டம் விளைத்தன என்றும் 2009 இல் தீர்ப்பாயிற்று. மேன்முறையீடுகள் யாவும் முடிய 2012 ஆம் ஆண்டாயிற்று. நீதி கிடைத்தது, ஆயினும், பதினோராண்டு கழிந்தபின் பழைய வரிசை இலக்கத்தை அவர்களுக்கு யார் மீட்டுக்கொடுக்க வல்லார்?

2006 ஆம் ஆண்டிலே சர்வதேச விதியில் ஒரு மாற்றம் வந்தது. இரு விமானிகள் செலுத்தும் விமானங்களில் வயதெல்லை 60 இலிருந்து 65 ஆக உயர்த்தப்பட்டது. அநுபவம் மிக்க மூத்தோர்க்கு இது நற்செய்தி. ஏணியின் அடியில் நின்ற இளையோர்க்கோ, மேற்படி காலியாக இன்னும் ஐந்தாண்டு காத்திருத்தல் என்பதே அதன் பொருளாயிற்று. ஒரே விதி ஒரு வீட்டிலே விருந்தாகவும், அடுத்த வீட்டிலே ஏமாற்றமாகவும் அமைந்தது.

ஊர் வெறுமையாகிய காலம்

கொவிட் நோய் உலகை வாட்டிய காலத்திலே டிஸ்கவரி பே பட்ட பாடு சிறிதன்று. 2020 ஒக்டோபரில் கத்தே பசிபிக் குழுமம் 8,500 பதவிகளை ஒழிப்பதாக அறிவித்தது. அவற்றுள் 5,900 பதவிகளில் ஆட்கள் உண்மையிலே வேலைபார்த்துக்கொண்டிருந்தனர். 1985 இல் 'டிராகன் எயர்' என்னும் பெயரோடு தொடங்கிய சகோதர சேவை அன்றோடு மூடப்பட்டது. அச்சேவை மறைந்தபோது அதன் வரிசைப் பட்டியலும் மறைந்தது. எஞ்சிய விமானிகளிடம் குறைந்த சம்பளத்துடன் புதிய ஒப்பந்தம் நீட்டப்பட்டது. பெரும்பாலோர் கையொப்பமிட்டனர். விமானங்கள் உலகெங்கும் தரையில் நின்ற அவ்வேளையிலே வேறெங்குச் செல்வர்?

அடுத்த ஆண்டு புதியதொரு வேலைமுறை வந்தது. மூன்று வாரம் இடைவிடாது பறத்தல். வெளிநாட்டு விடுதிகளில் அறையைவிட்டு வெளியேறாமை. பின்னர் இரண்டு வாரம் ஹொங்கொங் விடுதியொன்றிலே தனிமைவாசம். அதன் பின்னரே இரண்டு வாரம் வீடு. ஒரே நகரில், தந்தை விடுதி அறையிலும் பிள்ளைகள் வீட்டிலுமாக நாட்கள் கழிந்தன.

2021 நவம்பரில், பிராங்பேட்டிலிருந்து திரும்பிய விமானிகள் மூவருக்கு நோய் கண்டது. அவர்களுள் ஒருவரின் குடும்பத் தொடர்பு காரணமாக, டிஸ்கவரி பே சர்வதேசப் பாடசாலையின் நூற்றுக்கு மேற்பட்ட சிறார்கள் 'பென்னிஸ் பே' தனிமைப்படுத்தல் முகாமுக்குச் செல்லுமாறு பணிக்கப்பட்டனர். அம்முகாம் அமைந்திருந்த இடம் டிஸ்னிலாந்து விளையாட்டுப் பூங்காவுக்கு அயலிலேயாகும். வாணவேடிக்கை பார்க்கச் சென்ற திசைக்கே, பெட்டி படுக்கையுடன் காவலில் இருக்கச் சென்ற அப்பிள்ளைகளின் மனநிலையை எண்ணிப் பார்க்கவே நெஞ்சங் கலங்குகிறது.

அதன்பின், பட்டியலையும் இலக்கத்தையும் பொருட்படுத்தாது விலகிச் சென்றோர் பலர். தளபாடங்கள் விற்பனைக்கு வந்தன, வண்டிகள் கைமாறின, வகுப்பறைகளில் ஆசனங்கள் காலியாயின. விமானப் போக்குவரத்து மீண்டபோது ஆட்கள் போதவில்லை. 2023 இறுதியிலும் 2024 தொடக்கத்திலும், விடுப்பிலிருந்த விமானிகளின் இடத்தை நிரப்ப ஆளின்றிக் கத்தே பசிபிக் தன் பறப்புகளிற் பலவற்றை இரத்துச் செய்தது. மேலிருந்தோர் நீங்கவே, கீழிருந்தோர் தாம் கனவிலும் எதிர்பாராத விரைவில் மேலேறினர். அயல்வீட்டார் கண்ணீரோடு விடைபெற்றமையே தமக்குக் கப்டன் பதவியைக் கொண்டுவந்தது என்பதை உணர்ந்தோர், அப்பதவியை முழு மனத்தோடு கொண்டாட முடியவில்லை.

ஊரவரின் பங்கு

இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. ஹொங்கொங் மண்ணிலே பிறந்த பிள்ளைகள், தங்கள் தலைக்கு மேலாகப் பறக்கும் விமானங்களை அந்நியரே செலுத்துவதை நெடுங்காலம் பார்த்திருந்தனர். 1988 இலேதான் உள்ளூர் இளைஞரைத் தெரிந்தெடுத்து விமானியாகப் பயிற்றுந் திட்டம் தொடங்கியது. இன்று அவ்வாறு பயின்றோர் பலர் கப்டன்களாய் விளங்குகின்றனர். 2024 நவம்பரில் விமான நிலையம் மூன்று ஓடுபாதைகளுடன் இயங்கத் தொடங்கியிருக்கிறது. இனி வேண்டப்படும் விமானிகளிற் பெரும் பங்கினர் ஊரவராகவும் சீனப் பெருநிலத்தவராகவும் இருப்பரேல், அதனை யார் குறைகூற முடியும்? வந்தோரின் உழைப்பைப் பாராட்டும் அதேவேளை, ஊரவரின் உரிமையையும் மறுத்தலாகாது.

ஹொங்கொங்கிலே ஏழாண்டு தொடர்ந்து வாழ்ந்த பிறநாட்டவர் நிரந்தர வதிவுரிமை பெறலாம். ஆகவே, வேலை போனாலும் வீட்டைவிட்டு ஓடவேண்டிய நிர்ப்பந்தம் அவர்களுக்கு இல்லை. அவ்வுரிமை பெற்று, ஓய்வுக்குப் பின்னும் இவ்வூரையே தம் ஊராகக் கொண்ட முதியோர் சிலரைப் படகுத்துறையிற் கண்டோம். பறப்பதற்காக வந்தவர்கள் இங்கே வேரூன்றிவிட்டனர்.

நமது பிள்ளைகளுக்கு

இவற்றை நாம் இங்கே விரித்துரைப்பதற்குக் காரணமுண்டு. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின்னர், நமது தேசிய விமான சேவையின் விமானிகள் பலர் வளைகுடா நாடுகளின் சேவைகளை நாடிச் சென்றனர். பிள்ளையை விமானியாக்க வேண்டுமென்று பெருந்தொகை கடன்பட்டுப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோரும் நம்மிடையே உளர். துபாயிலும் தோகாவிலும் வேலைபார்க்கும் பிறநாட்டவர்க்குத் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை கிடையாது. ஆண்டுக்கணக்காக உழைத்தமையால் மாத்திரம் நிரந்தர வதிவுரிமை தானாகக் கிடைப்பதும் இல்லை. அங்கே வேலை முடிந்தால், வீடும் பாடசாலையும் ஒருங்கே முடிந்துவிடும்.

ஆகவே, வெளிநாட்டிலே விமானி உத்தியோகத்துக்கு அழைப்பு வரும்போது, மாதச் சம்பளம் எவ்வளவு என்பதோடு நின்றுவிடலாகாது. பட்டியலில் எனக்கு முன்னே எத்தனை பேர்? கப்டனாவதற்கு இதுவரை எத்தனை ஆண்டு சென்றது? பிணக்கு நேர்ந்தால் எனக்காகப் பேசுவார் யார்? நோயுற்றுப் பறக்க முடியாதாயின் என் குடும்பத்தின் கதி என்ன? வீட்டுப்படியும் கல்விச்செலவும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டவையா, கொம்பனியின் விருப்பத்தில் தங்கியவையா? இக்கேள்விகளைக் கையொப்பமிடுமுன் கேட்பது அவமரியாதையன்று. புறப்படுமுன் எரிபொருளின் அளவைப் பார்ப்பது விமானியின் கடமையாதல்போல, இதுவும் கடமையே.

பொன்னிறக் கோடுகள் நான்கையும் தோளிலே தாங்கி நிற்கும் கப்டனைக் காணும்போது நாம் அவருடைய திறமையை வியக்கின்றோம். அக்கோடுகளுக்கு இடையிலே கழிந்த ஆண்டுகளையும், அவ்வாண்டுகளை அவரோடு பொறுத்திருந்த மனைவி மக்களையுஞ் சேர்த்தே வியத்தல் தகும்.